கிடாருக்கு வயிறு உப்பின கதை

என் தையல் கடைக்கும் பக்கத்து லாண்டரிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதுவும் பேருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் என் மெஷின் நின்றுவிடும். அப்படியிருக்க, அங்கே புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காது இருக்கிறது, கேட்டது. அவ்வளவுதான்.

லாண்டரிக்காரரைத் தெருவில் எல்லாரும் கஞ்சியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கஞ்சி போட்ட சட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தால், அது பாட்டுக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அவர் போட்டிருக்கும் சட்டையும் அதே கதைதான். பின்னால் இருந்து கூப்பிட்டால் கழுத்து மட்டும் திரும்பாது, முழு ஆளும் திரும்ப வேண்டும். வெளுப்பது, கஞ்சி போடுவது, வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பதெல்லாம் அவர் வேலை. இஸ்திரி முழுக்க அவர் பெண்டாட்டி, எனக்கு அக்கா. அவள் பெட்டியை வேறு யாரும் தொட முடியாது, பெற்ற மகளாக இருந்தாலும் சரி. மகள் துணியை மடிப்பாள், கட்டுவாள், நடுநடுவே அப்பா அம்மா இரண்டு பேரையும் ஓட்டுவாள். மூன்றாவதற்குத்தான் அவளுக்கு நேரம் நிறைய இருக்கும்.

முன்னால் கடை, மாடிப்படிக்கு அடியில் பாய்லர், மேலே ஒரு அறையும் அடுப்படியும். இதுதான் அவர்கள் வீடு. காலையில் பாய்லர் புஸ்ஸென்று மூச்சுவிட ஆரம்பித்தால் வீடு முழுக்க ஆவி. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடும். காலண்டர் தாள் சுருண்டுகொள்ளும். உப்பு ஜாடியைச் சாய்த்தால் உப்பு வராது, சொட்டும். அதிலேயே இருந்து இருந்து அவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. நான் உள்ளே போய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தால், "ஏண்டி, உனக்குக் கண்ணுல ஏதாவது கோளாறா?" என்று அக்கா கேட்பாள்.

கஞ்சியண்ணனிடம் ஒரு பழைய கிடார் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. சாயங்காலம் கடையைச் சாத்தியதும் வேட்டியோ துண்டோ எதையாவது மாற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்து வாசிப்பார். பாதிப் பாட்டில் நிறுத்துவார். "கிடாரு சரியில்ல" என்பார். திரும்பத் தொடங்குவார். திரும்ப நிறுத்துவார். பிறகு மாடியைப் பார்த்து, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்பார்.

"கேட்டுச்சு" என்று மேலேயிருந்து பதில் வரும்.

இத்தனை வருஷமாக அந்த ஒரே பதில்தான். நல்லா இருந்ததா, இல்லையா, மூச். கேட்டுச்சு. அந்த மனிதருக்கு ஊர் மெச்ச வேண்டும் என்றெல்லாம் ஆசை கிடையாது. அக்கா வாயிலிருந்து ஒரே ஒரு தடவை "நல்லா வாசிச்சீங்க" என்று வந்துவிட வேண்டும், அதுதான் ஏக்கம். எனக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். அக்கா மனசில் என்ன இருந்ததோ, அதை மட்டும் கொடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

பெரிய ஓட்டல் ஒன்றுக்கு மேசை விரிப்பும் கைதுடைக்கும் துணியும் இவர்கள்தான் வெளுத்துக் கொடுப்பது. ஒருநாள் அங்கே அழுக்குத் துணிக்காகப் பின்பக்கம் காத்திருந்த நேரத்தில் கஞ்சியண்ணன் வேனுக்குள் உட்கார்ந்து கிடாரைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மேனேஜர் காதில் விழுந்திருக்கிறது. அன்றைக்கு அண்ணன் வேனை நிறுத்திவிட்டு இறங்கிய வேகத்தில் கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டார்.

"ஏம்மா, கேட்டியா? ஓட்டல்ல கூப்பிட்டிருக்காங்க!"

"ஐயையோ, துணியில கறையா?"

"கறையில்லம்மா. வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க."

"எதை?"

"கிடாரை."

"யாரை?"

"என்னைத்தான்! சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்கிறவரு வேற ஊருக்குப் போயிட்டாராம். அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை வந்து வாசிங்க, எல்லாருக்கும் பிடிச்சிருந்தா வாரா வாரம் வாங்கன்னாரு."

அக்கா பெட்டியை டொக்கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

"காசு குடுப்பாங்களா, வாங்குவாங்களா?" என்றாள் அக்கா.

மகள் சிரித்த சிரிப்பில் என் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த கத்தரிக்கோல் ஆடியது.

அதற்கப்புறம்தான் புது கிடார் பேச்சு வந்தது. பழையதைத் தூக்கிக்கொண்டு அந்த மாதிரி இடத்துக்குப் போக முடியாதாம். அக்கா துணி உலர்த்தும் மெஷின் ஒன்று வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் துணி காயாமல் அவள் படுகிற பாடு கொஞ்சமா? அதில் கைவைப்பாரோ என்று எனக்குத்தான் பதறியது. அவர் கேட்கவே இல்லை. அக்காவே எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தாங்க, பிடிங்க. இருக்கிறதுலயே நல்லதா வாங்குங்க. ஆனா ஒண்ணு."

"என்ன?"

"இனிமே கிடாரு சரியில்லங்கற பேச்சு என் காதுல விழக்கூடாது. எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து அதைத்தான் கேட்டுட்டிருக்கேன். இது வந்தப்புறம் அந்தப் பேச்சு இருக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்" என்றார் அண்ணன். அந்த நேரத்தில் அவள் வேனை விற்கச் சொல்லியிருந்தாலும் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பார்.

கிடார் வந்தது. அடேயப்பா, என்ன அழகு! நான் தொட்டுப் பார்க்கப் போனேன், "கையைத் துடைச்சிட்டு வாம்மா" என்றார். என்னிடம்! கல்யாணத் துணி தைக்கிற கையைப் பார்த்து! சரி, சந்தோஷத்தில் இருக்கிற மனுஷன் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அதன் சத்தம் சும்மா கணீரென்று விழுந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்ல மரமா இருக்கு."

"நான் வாசிச்சது?"

"அதான் கேட்டுச்சுல்ல" என்றாள் அக்கா.

போகப் போக அந்தக் கணீர் குறைந்தது. எனக்கே தெரிந்தது. முதலில் தொண்டை கட்டின மாதிரி, அப்புறம் போர்வைக்குள்ளேயிருந்து பேசுகிற மாதிரி. கொஞ்ச நாளில் பழைய கிடாரே தேவலை என்று ஆகிவிட்டது. பாவம், அண்ணன் எங்கே போய்ச் சொல்வார்? வாயைத் திறந்தால் ஒப்பந்தம் போச்சு. பாதியில் நிறுத்துவார். "கி..." என்பார். அப்படியே விழுங்கிவிட்டு, "கிழக்குப் பக்க ஜன்னலைச் சாத்தணும்" என்பார். அந்த வீட்டில் கிழக்கே ஜன்னலே கிடையாது.

"அப்பா, அது ஏன்ப்பா சளி பிடிச்ச மாதிரி பாடுது?" என்று மகள் கேட்டாள்.

"அதுக்குப் பேரு ஆழமான சத்தம். உனக்குத் தெரியாது."

"விரல் ஏன் சிவந்துபோய்க் கிடக்கு?"

"புதுக் கம்பி. அப்படித்தான் இருக்கும்."

கம்பி விரல் வைக்கும் பலகையைவிட்டு எழும்பி நின்றது. அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் கன்றிப்போய், கஞ்சித் தொட்டியில் கைவிடும்போது ஸ்ஸ் ஸ்ஸ் என்பார். சட்டையெல்லாம் அரைகுறைக் கஞ்சியில் வந்தது. தெருவில் பாதி ஆண்கள் கழுத்தைச் சாதாரணமாகத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் எவ்வளவு முற்றிப்போயிருக்கிறது என்று புரிந்தது.

என் கடைக்கு வந்து ஒருநாள் மனம்விட்டே சொன்னார். "உங்கக்காகிட்ட சொல்லிடாதம்மா. எனக்கு என்ன தோணுதுன்னா, கிடாருக்கு ஒண்ணுமில்ல. என் கைதான் லாயக்கில்ல. இத்தனை நாளா பழசு மேல பழி போட்டேன். இப்ப போடறதுக்கு ஆளில்ல." முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீ வாங்கித்தரட்டுமா என்று கேட்டேன். வேறென்ன செய்ய?

கடைசியில் ஓட்டலுக்குப் போகும் துணி மூட்டைக்குள் கிடாரை ஒளித்து எடுத்துக்கொண்டு, வாங்கின கடைக்கே போயிருக்கிறார். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததும் முகம் மாறியிருக்கிறது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். வீட்டில்தான். வீடு எப்படி? நல்ல வீடு. இவர் வீட்டை விட்டுக்கொடுப்பாரா? சரி, நானே வந்து பார்க்கிறேன் என்று அந்த மனிதர் மறுநாளே கிளம்பி வந்துவிட்டார்.

அவர் வந்து நின்ற விதத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. கட்டிக்கொடுத்த பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்த அப்பா மாதிரி, விறைப்பாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். வாசல்படி தாண்டினதும் மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி மூடிக்கொண்டது. கழற்றித் துடைத்தார். திரும்ப மூடியது. நான் சட்டை பட்டன் கேட்கிற சாக்கில் பின்னாலேயே போய்விட்டேன்.

"எங்க வெச்சிருக்கீங்க அதை?"

"அதோ. நல்ல மரியாதையான இடத்துலதான்" என்று அண்ணன் காட்டினார். பாய்லருக்கு நேர் மேலே, ஆணியடித்து மாட்டியிருந்தது.

கடைக்காரர் கிட்டே போனார். சுவரைத் தொட்டுப் பார்த்தார், விரல் ஈரமானது. காலண்டரைப் பார்த்தார். கிடாரை இறக்கி, மடியில் படுக்கவைத்து, கம்பிகளை அடியில் பிடித்திருக்கும் கட்டைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"இங்க தொடுங்க. வயிறு எப்படி உப்பியிருக்கு பாருங்க."

அண்ணன் தொட்டார். அக்கா தொட்டாள். நானும் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தொட்டேன். நிஜமாகவே உப்பியிருந்தது.

"மரம் ஆவியைக் குடிக்குங்க. இப்படி ராப்பகலா ஊட்டினா அது என்ன பண்ணும்? வயிறு உப்புச்சுன்னா கம்பி மேல ஏறிடும், சத்தம் அடங்கிடும். கிடாரு தங்கமான கிடாரு. இதை வெச்சிருக்கிற லட்சணம்தான் சரியில்ல."

"அப்ப என் கைல குத்தமில்லையா?" என்று அண்ணன் கேட்டார். அவர் கேட்ட குரலில் மகள்கூடச் சிரிக்கவில்லை.

"இந்த நிலைமையில இதை எவன் வாசிச்சாலும் இப்படித்தான் கேக்கும்."

அக்கா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்க, இத்தனை நாளா இதை மனசுல வெச்சிட்டா சுத்தினீங்க? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீதானே சொல்லக்கூடாதுன்ன!"

"நான் சொன்னதையெல்லாம் நீங்க கேட்ட ஆளுதான்!" என்று வெடித்தாள். பிறகு கடைக்காரரிடம் குரலை இறக்கி, "இது எப்பங்க சரியாகும்?" என்றாள்.

"ஆவி படாத இடத்துல வெச்சு விட்டுடுங்க. தானா வத்தும். வாரக்கணக்கா ஆகும்."

"சனிக்கிழமை வாசிக்கணுமே?"

"எந்தச் சனிக்கிழமை?"

"வர்ற சனிக்கிழமை."

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். "ஆண்டவன் விட்ட வழி" என்று சொல்லிவிட்டு, போகும்போது கிடாரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கிடார் என் கடைக்குக் குடிவந்தது. துணி வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். வருகிற வாடிக்கைக்காரர்கள் எல்லாம் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நீயும் கத்துக்கிறியா?" என்று என்னைக் கேட்டார்கள். அக்கா வேலைக்கு நடுநடுவே ஓடிவந்து அதன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்குவாள். போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா உள்ளே வந்தாள். ஒரு கையில் அவளுடைய இஸ்திரிப் பெட்டி. இன்னொரு கையில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி.

"அக்கா," என்றேன், "என் கடையில பெட்டி இருக்கு. எதுக்கு இதைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"உன் பெட்டியை நம்பி இதைச் செய்ய முடியாது."

"எதை?"

அவள் மேசையில் கிடந்த துணியையெல்லாம் ஒதுக்கினாள். கம்பளி விரித்தாள். கிடாரை மெதுவாகத் தூக்கி மல்லாக்கப் படுக்கவைத்தாள்.

"அக்கா, வேண்டாம்."

"ஏண்டி பதறுற? உப்பியிருக்கு. அவ்வளவுதானே? எத்தனை கோட்டு, எத்தனை கால்சட்டை முட்டி இப்படி உப்பிட்டு வந்திருக்கு? நான் அமுக்கி அனுப்பலையா?"

"அது துணி!"

"இது மரம். ரெண்டும் செடியிலேர்ந்து வந்ததுதான்" என்றாள்.

அவள் ஈரத்துணியை அதன் வயிற்றின்மேல் விரித்தாள். பெட்டியின் அடிப்பாகத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள். பிறகு வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு நொடி வைத்து, எடுத்து, தள்ளி வைத்து. கட்டையின் ஓரமெல்லாம் பெட்டியின் மூக்கை விட்டு, சட்டைக் காலரில் திருப்புவாளே, அப்படித் திருப்பினாள். கம்பிகள் மெல்ல முனகின. வார்னிஷ் வாசனை வந்தது. என் கடையில் நானே நகம் கடித்துக்கொண்டு நின்றேன்.

துணியை எடுத்தாள். கையால் தடவினாள். முகம் மலர்ந்தது.

"தொட்டுப் பாருடி."

தொட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மட்டமாக இருந்தது. உப்பலைக் காணோம்.

"அவர்கிட்ட சொல்லாத. தானா வத்திடுச்சுன்னு இருக்கட்டும்" என்றாள். "வாங்கின அன்னைக்கு அவரு மூஞ்சியைப் பாத்தல்ல? அப்புறம் இந்த மூணு வாரமா நடமாடுறாரே, அந்த மூஞ்சியையும் பாக்குறல்ல? என்னால பாத்துட்டு இருக்க முடியலடி." மூக்கை உறிஞ்சினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் கிடாரை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். கணீர். கண்ணை அகல விரித்தார். இன்னொரு தட்டு. கணீர். என் கடையிலேயே ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியை வாசித்துப் பார்த்தார். "தங்கச்சி, உன் கடை கோயில்டி" என்று சொல்லிக்கொண்டே என் இரண்டு கையையும் பிடித்து ஆட்டினார். நான் திருதிருவென்று முழித்தேன்.

சனிக்கிழமை எங்கள் மூன்று பேருக்கும் ஓட்டலில் ஒரு ஓரமாக மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அக்கா உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை மேசை விரிப்பைத் தடவிப் பார்த்தது. "நம்ம துணி" என்றாள். கைதுடைக்கும் துணியை விரித்து, மடிப்பு சரியில்லை என்று திரும்ப மடித்து வைத்தாள். பக்கத்து மேசைத் துணியையும் எட்டி எடுக்கப் போனாள், மகள் கையைத் தட்டிவிட்டாள்.

"அம்மா, நாம சாப்பிட வந்திருக்கோம்."

"சாப்பிடு. கறை மட்டும் பண்ணாத. நான்தான் வெளுக்கணும்."

அண்ணன் முன்வாசல் வழியாக வந்தார். அவர் சட்டைக்கு அன்று இரட்டைக் கஞ்சி போட்டிருந்ததால் சிலைபோலத்தான் நடக்க முடிந்தது. வாட்ச்மேன் பழக்கதோஷத்தில், "அண்ணே, துணிக்குப் பின்பக்கம்" என்றான். அண்ணன் கிடாரைத் தூக்கிக் காட்டினார். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டான். அதைப் பார்த்து அக்கா தொண்டையைச் செருமினாள்.

மூலையில் நாற்காலி, முன்னால் மைக். அண்ணன் உட்கார்ந்தார். முதல் பாட்டைத் தொடங்கினார்.

என்ன சொல்வேன்! சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேனே, இந்த மனிதர் இப்படி வாசிப்பார் என்று எனக்குத் தெரியாது. பாதியில் நிறுத்தாமல், குறை சொல்லாமல், முழுசாக அவர் வாசித்துக் கேட்டது அன்றைக்குத்தான். பேச்சுச் சத்தம் அடங்கியது. சூப் கிண்ணத்தில் கரண்டிகள் நின்றன. ஒரு கிழவர் சாப்பிடுவதை விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். அக்கா கைதுடைக்கும் துணியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். துணியைக் கசக்குகிற அக்காவை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

முடிந்ததும் கைதட்டினார்கள். மேனேஜர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அண்ணன் இரண்டாவது பாட்டைத் தொடங்கினார். இது கொஞ்சம் வேகமான பாட்டு. உற்சாகம் ஏறிப்போய்க் கையை ஓங்கி இறக்கினார்.

டமார்!

கட்டை பிய்த்துக்கொண்டது. கம்பிகளை அடியில் பிடித்திருந்த கட்டை, அக்கா ஓரமெல்லாம் பெட்டி மூக்கை விட்டுத் தேய்த்தாளே, அதே கட்டை. சூட்டில் பசை இளகிப்போய்ச் சமயம் பார்த்துக் காத்திருந்திருக்கிறது. கம்பியெல்லாம் விலுக்கென்று சுருண்டது. மைக் வேறு முன்னால் இருந்ததா, குண்டு வெடித்த சத்தம். ஒரு அம்மாள் "ஐயோ" என்று மேசைக்கு அடியில் போய்விட்டாள். அந்தக் கிழவர் சூப்பை மடியில் கொட்டிக்கொண்டார்.

அண்ணன் மடியில் கிடந்த கிடாரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமில்லை.

அக்கா எழுந்தாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள். இத்தனை மேசைக்கும் நடுவில் நேராக நடந்துபோய் அவர் முன்னால் நின்றாள்.

"நான்தாங்க."

"என்ன நான்தான்?"

"நான்தான் தேச்சேன்."

"எதை?"

"அதைத்தான். வயித்தை. நேத்து மத்தியானம். தானா வத்தலை. நான்தான் பெட்டி வெச்சேன்."

மைக் திறந்தே இருந்தது. ஓட்டல் முழுக்கக் கேட்டது. வெயிட்டர்கள் தட்டோடு அப்படியே நின்றார்கள். அண்ணன் அவளைப் பார்த்தார், கிடாரைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எந்தச் சூட்டுல வெச்ச?" என்றார்.

"பட்டுக்கு வெக்கிற சூட்டுல. மேல ஈரத்துணி போட்டு."

அண்ணன் கட்டை பிய்ந்த இடத்தை விட்டுவிட்டு, கிடாரின் வயிற்றில் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழ், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்.

"ஒரு சுருக்கம் இல்ல" என்றார்.

யாரோ ஒருவர் குபுக்கென்று சிரித்தார். அடக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மேசைக்கு அடியில் இருந்த அம்மாள்கூடச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

"என் சட்டைய எந்தச் சூட்டுல தேய்ப்ப?"

"பருத்திச் சூடுதான். நீங்க தாங்குவீங்க. அது தாங்குமோ தாங்காதோன்னு எனக்குப் பயம். உங்க உசுராச்சே அது."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். மைக்குக்குத் தாழ்ந்த குரல், உயர்ந்த குரல் என்றெல்லாம் உண்டா?

"உடையறதுக்கு முன்னாடி எப்படிம்மா இருந்துச்சு?"

"எது, கிடாரா?"

"நான்."

அக்கா வாயைத் திறந்தாள். எனக்கு அந்தப் பழைய பதில் வந்துவிடுமோ என்று பகீரென்றது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள் அக்கா. அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "ரொம்ப நல்லா வாசிச்சீங்க! அதனாலதான் எனக்கு வயிறெரியுது! மட்டமா வாசிச்சிருந்தா, போவுது சனியன்னு விட்டிருப்பேனே!"

கைதட்டல் எந்த மேசையிலிருந்து தொடங்கியதோ தெரியாது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"என்ன சார் வேடிக்கை பாக்குறீங்க? பசை போட்டு ஒட்டி எடுத்துட்டு வருவாரு. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இந்த நாற்காலில வேற யாரையும் உக்காரவெச்சுடாதீங்க."

மேனேஜர் சரிம்மா சரிம்மா என்றார். கஞ்சியண்ணன் உடைந்த கிடாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவள் "நல்லா வாசிச்சீங்க" என்றதை மைக்கில் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.